கிக் கொழகொழக்கிறதா? டிகே குமிழைப் பாருங்கள்

கோயில் கொடை மேடையிலோ தேவாலயத் திருவிழாவிலோ கிக் (தாளத்தின் கனமான டிரம் அடி) கொழகொழவென்று கேட்டால், உடனே ஈக்வலைசரைத் திருகுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பீக்கர்மேல் பழி. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அனலாக் சிந்தசைசரில் (மின்சுற்றால் ஒலி உருவாக்கும் கருவி) தாளம் அமைப்பவர்கள் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, ஒலி எழுந்து அடங்கும் போக்கைத் தீர்மானிக்கும் என்வலப்பின் டிகே.

வில்லுப்பாட்டு கேட்ட காதுக்கு இது புதிதல்ல. குடத்தின் வாயில் அடித்தால் எழும் 'தும்' சற்று நின்று அடங்குகிறது. கட்டையைத் தட்டினால் ஒலி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒலி அடங்க எடுக்கும் அந்த நேரம்தான் டிகே.

அட்டாக்கை (ஒலி எழும் நேரம்) முழுக்கக் குறையுங்கள். சஸ்டெய்ன் (டிகேக்குப் பின் ஒலி நிற்கும் அளவு) பூஜ்ஜியம். ரிலீஸ் (கேட் முடிந்தபின் ஒலி அடங்கும் நேரம்), டிகே அளவுக்கே. கேட் என்பது அடி எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லும் மின்சைகை. பலரும் தவறவிடுவது இந்த ரிலீஸைத்தான். கேட் முடிந்த நொடியில் டிகே பாதியில் நின்று ரிலீஸ் தொடங்கிவிடும். டிகே 400 மில்லி செகண்ட் வைத்திருந்தாலும், சீக்வென்சரின் (அடிகளை வரிசையாகத் தானே இயக்கும் பகுதி) கேட் 50 மில்லி செகண்டாகவும் ரிலீஸ் பூஜ்ஜியமாகவும் இருந்தால், 'டக்' என்று வெட்டுப்பட்ட ஒலிதான் வரும். டிகேயை எவ்வளவு கூட்டினாலும் மாற்றம் இருக்காது. குமிழ் பழுதென்று கழற்றிவிடாதீர்கள். 1970இல் வந்த மினிமூக் மாடல் டி சிந்தசைசரில் தனி ரிலீஸ் குமிழே இல்லை. ஒரு சுவிட்சைப் போட்டால் டிகே நேரமே ரிலீஸுக்கும் பயன்படும்.

கிக்குக்கு இரண்டு என்வலப் வேண்டும். ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டரை 50–60 ஹெர்ட்ஸில் சைன் அல்லது முக்கோண அலையில் வைத்து, ஒலியளவின் டிகேயை 300–400 மில்லி செகண்ட் ஆக்குங்கள். இன்னொரு என்வலப், சுருதியை இரண்டு மூன்று ஸ்தாயி மேலிருந்து 30–60 மில்லி செகண்டில் கீழே இறக்கட்டும். இந்த இறக்கம் நீண்டுவிட்டால் அடி போய் 'டியூம்' என்ற வழுக்கல் வரும். உடுக்கையின் கயிற்றை அழுத்தி எழுப்பும் வளைவு வேண்டுமானால் அதையே வேண்டுமென்று நீட்டலாம். கிக்குக்கு அது ஆகாது. இன்னொரு சிக்கல்: அனலாக் ஆசிலேட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், ஒவ்வோர் அடியும் அலையின் வேறொரு புள்ளியில் தொடங்கும். ஓர் அடியில் 'கிளிக்' கேட்கும், அடுத்ததில் கேட்காது. அட்டாக்கை 1–2 மில்லி செகண்ட் கூட்டினால் சீராகும். ஆனால் அடியின் கூர்மை கொஞ்சம் குறையும்.

ஸ்நேர் டிரம்முக்கு நாய்ஸின் ('உஷ்' என்ற இரைச்சல் ஒலி) டிகே 150–200 மில்லி செகண்ட். மூடிய ஹை-ஹாட்டுக்கு (இரட்டைத் தாளத்தட்டு) ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ் ஒலிகளை வடிகட்டும் பகுதி) வழியாக வரும் நாய்ஸில் 40–80 மில்லி செகண்ட் போதும்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடியின் கால் பாகம் 125 மில்லி செகண்ட். அந்த இடைவெளியில் அடுத்தடுத்து கிக் விழுந்தால், 400 மில்லி செகண்ட் வால் அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். கொழகொழப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

குமிழில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். என்வலப்பில் ஒரு கெபாசிட்டரில் சேர்ந்த மின்னூட்டம் ரெசிஸ்டர் வழியாக வடிகிறது: 1 மைக்ரோஃபேரட், 100 கிலோ ஓம் என்றால் 0.1 செகண்டில் 37 சதவீதத்துக்கு இறங்கும், 0.5 செகண்டில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இதில் எதை டிகே நேரம் என்று குறிப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று குமிழின் உள்தடத்தைக் கெடுக்கும். மெதுவாகத் திருப்பும்போது டிகே ஓரிடத்தில் தாவினால், மின்சாரத்தைத் துண்டித்து, காண்டாக்ட் கிளீனரை உள்ளே லேசாக அடித்து, இருபது முறை முனையிலிருந்து முனைக்குத் திருப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.