தண்டவாளம் ஏறும் லாரி

லெவல் கிராசிங்குக்கு வந்த ஒரு லாரி கடந்து போகாமல் தண்டவாளத்தின் மேலேயே நிற்கிறது. ஓட்டுநர் முன்னும் பின்னும் நகர்த்தி, வண்டியைத் தண்டவாளத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்கிறார். அடியிலிருந்து சின்ன இரும்புச் சக்கரங்கள் இறங்குகின்றன. முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம். சில நிமிடங்களில் லாரி தண்டவாளத்தின் வழியே போய்விடுகிறது. ரயில்பாதையைச் சோதிப்பவர்களும் பழுதுபார்ப்பவர்களும் பல நாடுகளில் பயன்படுத்தும் இந்த வண்டிக்கு 'ஹை-ரெயில்' என்று பெயர்.

அந்த இரும்புச் சக்கரங்கள்தான் லாரியை ஓட்டுகின்றன என்று தோன்றும். பெரும்பாலான வண்டிகளில் அவை சும்மா உருள்கின்றன, அவ்வளவுதான். ஓட்டுவது வழக்கமான பின் டயரேதான். லாரியின் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் இருக்கும் அல்லவா? அதில் உள்பக்க டயர் தண்டவாளத்தின் தலைமீது உட்காருகிறது. உலகின் பெரும்பகுதியில் உள்ள 1435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு அது ஏறக்குறைய சரியாகப் பொருந்திவிடுவது ஒரு நல்வாய்ப்பு. முன் டயர்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இன்னும் அதிகம் என்பதால், முன்பக்க இரும்புச் சக்கரங்கள் அவற்றை அந்தரத்தில் தூக்கிவிடுகின்றன. ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிடுவார்கள். திருப்பும் வேலை இனி ஓட்டுநருக்கு இல்லை. தண்டவாளத்தின் உட்பக்கத்தை ஒட்டி ஓடும் இரும்புச் சக்கர விளிம்பு அதைப் பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் எல்லாம் எடையைப் பங்கு பிரிப்பதில்தான். டயரும் இரும்புச் சக்கரமும் ஒரே லாரியின் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரும்புச் சக்கரத்தின் பங்கு குறைந்தால், வளைவில் அதன் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறி, வண்டி தடம் புரளும். பக்கவாட்டில் தள்ளும் விசை கீழ்நோக்கி அழுத்தும் விசையோடு ஒப்பிட எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு நடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1908-இல் தந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். சரி, இரும்புச் சக்கரத்தை நன்றாக அழுத்திவிட்டால்? டயரின் பிடிப்பு போய்விடும். வண்டியை நிறுத்துவதும் அதே டயர்தான் என்பதால், பிரேக்கும் சேர்ந்தே போகும். லாரியில் கிரேன் இருந்து, அது ஒரு பக்கம் திரும்பினால் கணக்கு மறுபடி மாறும்.

உலர்ந்த தண்டவாளத்தில் ரப்பர், இரும்பைவிட நன்றாகப் பிடிக்கும். பனியோ எண்ணெயோ படிந்திருந்தால் அந்தச் சலுகை இல்லை.

சில வண்டிகளில் டயர் தண்டவாளத்தைத் தொடுவதே இல்லை. வண்டி முழுவதும் இரும்புச் சக்கரங்கள்மேல் ஏறி நிற்கும். டயர் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்த உருளையில் உரசி அதைச் சுழற்றும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உரசும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும், ஆகவே டயர் முன்னோக்கிச் சுழன்றால் வண்டி பின்னோக்கிப் போகும்! ஆபத்தும் உண்டு. தண்டவாளத்தில் ஏற்றும்போது, டயர் தரையை விட்டு எழும்பி, உருளையை இன்னும் தொடாத ஒரு கணம் வரும். இரும்புச் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. பிரிட்டனில் சில வண்டிகள் சரிவில் தானாக உருண்டோடிய பிறகுதான் அந்தத் தனி பிரேக் கட்டாயத் தேவையானது.

பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டியும் இருக்கிறது. ஜப்பானின் ஷிகோகு தீவில், ஆசா கடற்கரை ரயில்பாதையில் 2021 டிசம்பர் 25 முதல் ஒரு மினிபஸ் இப்படி ஓடுகிறது. உத்தி அதேதான்: முன் டயர் அந்தரத்தில், பின் டயர் தண்டவாளத்தில். சாலையிலிருந்து மாற சுமார் 15 விநாடி.

இழுவைக்கென்றே செய்த வண்டிகள் வேறு ரகம். இரும்பின்மேல் இரும்பு உருளும்போது தடை மிகக் குறைவு என்பதால், தண்டவாளக் கருவி பொருத்திய யூனிமாக் லாரி 1000 டன் வரை இழுக்கும் என்கிறார்கள். டிராக்மொபைல் என்ற வண்டி இன்னும் சாமர்த்தியமானது. இணைப்புக் கொக்கி வழியே, தான் இழுக்கவேண்டிய வேகனையே ஹைட்ராலிக் ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி, அதன் எடையில் ஒரு பகுதியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. எடை கூடக்கூடப் பிடிப்பும் கூடும்; சொந்தமாக அவ்வளவு கனம் தேவையில்லை.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம். ஒரு பாதையில் ரயில் இருக்கிறதா என்று சிக்னலுக்குச் சொல்வது தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்சாரம். 1872-இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் உருவாக்கிய ஏற்பாடு இது. ரயிலின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்தால் சிக்னல் சிவப்பாகும். ஹை-ரெயில் வண்டிகள் பலவற்றில், மின்சாரம் கடக்காதபடி இரும்புச் சக்கரங்களுக்குக் காப்பு வைத்திருப்பார்கள்; சோதனைக்குப் போகும் லாரியால் தானியங்கி கேட்டுகளும் சிக்னல்களும் கண்டபடி இயங்கக் கூடாதே! ஆனால் சிக்னலுக்கு அந்த லாரி அங்கே இல்லவே இல்லை. எனவே கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இல்லாமல் அது பாதையில் ஏறக் கூடாது. லெவல் கிராசிங் வந்தாலும் கேட் மூடாது. தண்டவாளத்தில் வரும் லாரிதான் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையில் போகும் கார்களுக்கு வழிவிட்டுக் கடக்கவேண்டும்.