சமதரைச் சைக்கிள் பயணம்: மரத்த விரலும் கசகசா அளவு உண்ணியும்

“சோத்தைப் பிசைய முடியல டாக்டர்” என்று சொல்லிக்கொண்டேதான் அவர் உட்கார்ந்தார். நாற்பதை நெருங்கும் மென்பொருள்காரர். வலது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மூன்று நாளாக மரத்துக் கிடக்கின்றன. சாம்பார் சாதத்தில் கை வைத்தால் அந்த இரண்டு விரலும் யாரோ கடன் கொடுத்த மாதிரி இருக்கிறதாம். வீட்டுச் சாவியைத் திருப்பக் கட்டைவிரலில் பிடி இல்லை. பக்கவாதமோ என்று பயந்து முந்தின இரவு தூங்கவே இல்லை.

ஒரு தாளைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு இழுத்தேன். இடது கையில் தாள் கிழிகிற அளவுக்குப் பிடி இருந்தது. வலது கையிலோ கட்டைவிரல் நுனி தானாக மடங்கியது, தாள் என் பக்கம் வந்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேல் வெயிலில் கறுத்திருந்தது. கையுறை மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்தில் தெரிந்தது.

“ஞாயித்துக்கிழமை எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீங்க?”

“நூத்திப் பத்து. ஷ்ப்ரேவால்ட் பக்கம். ஒரு மேடுகூட இல்ல டாக்டர், அவ்வளவு ஈஸி.”

பெர்லினில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஏப்ரல் தொடங்கி அக்டோபர்வரை இந்த “ஒரு மேடுகூட இல்ல” என் அறையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். (இவருடைய அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நானும் கிராவல் பைக் (ஜல்லிப் பாதைக்கான சைக்கிள்) ஓட்டுகிறவள், அதே காட்டில், அதே பாதைகளில். அதனால் நோயாளிகளுக்குச் சொல்வதில் பாதி எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

ஷ்ப்ரேவால்ட், பெர்லினிலிருந்து தென்கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சம். பனியுகத்தில் உருகியோடிய நீர் அகலமாக அரித்துப் போட்ட பள்ளத்தாக்கு அது. ஷ்ப்ரே நதி அங்கே வந்ததும் சரிவு தீர்ந்துபோய், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து காட்டுக்குள் சுற்றுகிறது. ஆல்டர் மரங்கள் தண்ணீரிலேயே கால் வைத்து நிற்கும். கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் சொச்சம்தான் உயரம். 1991இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. லேடே என்ற சிற்றூருக்கு 1897 முதல் தபால் படகில் போகிறது. நீண்ட கழியை ஆற்றுத் தரையில் ஊன்றித் தள்ளும் தட்டைப் படகு அது. ஊர்ப் பலகைகளில் ஜெர்மனுக்குக் கீழே சோர்பிய மொழியும் இருக்கும். இந்த மண்ணின் ஸ்லாவிய மக்களான சோர்பியர் தங்கள் நிலத்துக்கு வைத்திருக்கும் பெயருக்கு அர்த்தம் ‘சதுப்பு’. அவர்கள் பூசி மெழுகவில்லை. இங்கே விளையும் ஊறுகாய் வெள்ளரியின் பெயரில் சுமார் 260 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதையும் உண்டு.

சமதரை என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். மலைப்பாதையில் உடம்பு தானாகவே இடம் மாறும். ஏற்றத்தில் எழுந்து மிதிப்போம், பிடியை மாற்றுவோம். இறக்கத்தில் கால் ஓயும், இடுப்பு சீட்டை விட்டு எழும். சமதரையில் இது எதுவும் நடக்காது. மூன்று மணி நேரம் கை வைத்த இடத்தில் கை, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி. கால் மட்டும் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே ஜல்லி, மர வேர், சிமென்ட் பலகை இணைப்புகள் எல்லாம் ஹேண்டில்பார் வழியாக உள்ளங்கைக்குள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும்.

சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு பட்டாணி எலும்பு தட்டுப்படும், தொட்டுப் பாருங்கள். அதன் ஓரமாக ஒரு குறுகிய சந்து. அல்நார் நரம்பு அதன் வழியாகத்தான் கைக்குள் நுழைகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோன் 1861இல் விவரித்ததால் மருத்துவத்தில் அது கியோன் கால்வாய். கால்வாய்களைப் பார்க்கப் போய்த் தன் கையிலிருக்கும் கால்வாயை நசுக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று நான் சிரிப்பதுண்டு. நோயாளிகள் யாரும் இதுவரை சிரித்ததில்லை.

எந்த விரல் மரக்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னால் என் வேலை பாதி முடிந்துவிடும். சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும் என்றால் அல்நார் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, கையோடு காலும் தளர்வது என்றால் என்னிடம் வர வேண்டாம். நேராக அவசர எண் 112.

மரப்பு மட்டும் இருந்தால், சைக்கிளை ஓரம் நிறுத்திவைத்தாலே பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ சரியாகிவிடும். இவருக்குப் பிடியும் குறைந்திருந்தது. அதனால் நரம்பு வழியாக மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்கு எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் வண்டியைத் தொடக்கூடாது என்றேன். முகம் வாடிவிட்டது. டயரில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு “நாலு பார்” என்றார் பெருமையாக. (பார் என்பது காற்றழுத்த அளவு.) கல் மாதிரி இருந்தால்தான் வண்டி ஓடும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. ஜல்லியில் அந்தக் காற்று முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் விரோதி. என் எடை 62 கிலோ, டயர் 42 மில்லிமீட்டர், டியூப் இல்லாதது. 2 பாருக்குக் கொஞ்சம் மேலே வைக்கிறேன், அவ்வளவுதான். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், பாரம் முழுக்கக் கையில் இறங்கும். முதலில் அதைப் பாருங்கள். முழங்கையை விறைப்பாக நீட்டாதீர்கள். வளைந்த கைப்பிடியில் மேலே, முன்னே, கீழே என்று மூன்று பிடிகள் இருப்பது அழகுக்கு அல்ல. ஒவ்வொரு பாலம் வரும்போதும் பிடியை மாற்றுவது என்று நான் வழக்கம் வைத்திருக்கிறேன். ஷ்ப்ரேவால்டில் பாலத்துக்குப் பஞ்சமில்லை.

அந்தப் பாலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடியில் படகு போக வேண்டும் என்பதற்காக உட்காட்டில் பல மரப்பாலங்கள் படி வைத்து உயரமாக இருக்கும். இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்த மரப்படியில் சைக்கிள் ஷூவோடு கால் வைத்துப் பார்த்தால் புரியும்.

சீட் அழுத்தி அடிப்பகுதி மரத்துப்போவதை நம் ஆண்கள் சொல்லவே மாட்டார்கள். கதவுப் பிடியில் கை வைத்த பிறகு “இன்னொண்ணு டாக்டர்” என்று ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். வீட்டுக்கு வந்தும் மரப்பு போகவில்லையென்றால், கதவு வரை போகாமல் உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்.

ஓட்டும்போது வரும் தொல்லை இவ்வளவுதான். இதைவிட எனக்குக் கவலை நிற்கும்போது வருவது. கால்வாய் ஓரப் புல்லில் வண்டியைச் சாய்த்துவிட்டுச் சப்பாத்திச் சுருளைப் பிரிக்கிற அந்த இருபது நிமிடம்.

உண்ணி மரத்திலிருந்து குதிக்காது. முழங்கால் உயரப் புல்லிலும் புதரிலும் காத்திருந்து, உரசிப் போகிறவரைத் தொற்றிக்கொள்ளும். நாய்க் காதில் கொழுத்துத் தொங்குமே, அதைத் தேடாதீர்கள். இங்கே கடிப்பது பெரும்பாலும் இளம் உண்ணி, கசகசா விதை அளவு. போன மே மாதம் எனக்கே ஒன்று. இரவு பல் துலக்கும்போது முழங்கால் மடிப்பில் மச்சம்போல ஏதோ தட்டுப்பட்டது. அந்த இடத்தில் எனக்கு மச்சம் கிடையாது. கண்ணாடி போட்டுப் பார்த்தால் மச்சத்துக்குக் கால் இருக்கிறது. சைக்கிள் ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் எலாஸ்டிக் முடியும் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அடுத்து இடுப்புப் பட்டி, தொடையிடுக்கு, அக்குள். குளிக்கும்போது கண்ணைவிட விரல் நுனிதான் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுக்க வேண்டும். நல்லெண்ணெய், நெயில் பாலிஷ், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். எதைச் செய்தாலும் அது தன் எச்சிலை உங்களுக்குள்தான் கக்கும். பிடுங்கிய உண்ணியைக் குப்பியில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்தச் சோதனையால் பயனில்லை. உண்ணியிடம் கிருமி இருந்தால் உங்களுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தமாகாது. கடித்த மறுநாளே ரத்தப் பரிசோதனை கேட்பதும் வீண்.

உண்ணியால் இங்கே முக்கியமாக வருவது இரண்டு நோய், இரண்டும் வேறு வேறு. ஒன்று மூளைக்காய்ச்சல். வைரஸ் உண்ணியின் எச்சிலிலேயே இருப்பதால் கடித்த உடனே உள்ளே போய்விடும், சீக்கிரம் பிடுங்கியும் பலனில்லை. வந்துவிட்டால் இதற்கென்று மருந்து கிடையாது, ஆனால் தடுப்பூசி உண்டு. ஷ்ப்ரேவால்டின் லூபெனாவ் ஊர் இருக்கும் மாவட்டம், ஜெர்மனியின் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்தின் ஆபத்துப் பகுதிப் பட்டியலில் இருக்கிறது. மற்றொன்று லைம் நோய், பாக்டீரியா. இது உண்ணியின் வயிற்றிலிருந்து கிளம்பி வரப் பெரும்பாலும் பல மணி நேரமாகும். அதனால் அன்றிரவே பிடுங்குவது இதற்கு உண்மையான காப்பு. தடுப்பூசி போட்டவர்கள் “எனக்குத்தான் ஊசி போட்டாச்சே” என்று லைமையும் சேர்த்து மறந்துவிடுகிறார்கள். அந்த ஊசி லைமைத் தடுக்காது.

லைமின் முதல் அடையாளம், கடித்த மூன்று நாள் முதல் ஒரு மாதத்துக்குள் தோன்றி மெல்ல விரியும் ஒரு வட்டம். பாடப்புத்தகங்களில் அது வெள்ளைத் தோலில் ரோஜாச் சிவப்பாக இருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். நம் தோலில் அது அப்படி வராது. கன்றிப்போன மாதிரி கருநீலமாக, சில சமயம் சுற்றியுள்ள நிறத்தைவிட ஒரு பிடி கூடுதலான காப்பி நிறமாக, தேமல் என்று தள்ளிவிடக்கூடிய மாதிரி இருக்கும். அரிப்போ வலியோ இல்லாததால் யாரும் காட்டுவதில்லை. கறுப்பின நோயாளிகளுக்கு லைம் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் கடித்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, தேதி எழுதிப் படம் எடுங்கள். இரண்டு நாளில் நிறம் கோட்டைத் தாண்டியிருந்தால் வாருங்கள். அந்தக் கட்டத்தில் சில வார ஆன்டிபயாடிக் மாத்திரையோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் மாதங்கள் கழித்து ஒரு முழங்கால் மட்டும் பந்துபோல் வீங்கும். சைக்கிள்காரர் சீட் உயரத்தைக் குறை சொல்லிக்கொண்டு ஸ்பேனரைத் தேடுவார்.

ஆறு வாரம் கழித்து அவர் வந்தார். தாளைக் கொடுத்தேன். இழுத்தேன், வரவில்லை. பிசைந்து சாப்பிட முடிகிறதா என்றால், “போன வாரத்திலிருந்து ரசம்கூட” என்றார். பிறகு மெதுவாக, ஷ்ப்ரேவால்டில் லைப்பே வழியாகப் புர்க் ஊர் வரை போனால் என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கையை நீட்டினேன். மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து வைத்தார். மூளைக்காய்ச்சல் பக்கத்தில் முதல் ஊசியின் முத்திரை மட்டும் இருந்தது. இரண்டாவதை அன்றைக்கே போட்டேன், இடது கையில். வலது கைக்கு அவரிடம் வேறு வேலை இருந்தது.