இருட்டில் இடது கை என்ன பார்க்கிறது?

பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடுகிறீர்கள். பேனா, நாணயம், கசங்கிய காகிதம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு விரல்கள் சாவியைப் பிடித்துவிடுகின்றன. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அதன் பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுவரை தெரிகிறது.

கண்ணுக்கு முழுச் சாவியும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். விரலுக்கு அந்த வசதி இல்லை. சாவியின் மேல் விரலை அசைக்காமல் வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு விளிம்பு, கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். விரலை ஓட்டினால்தான் வடிவம் பிடிபடும். விளிம்பை உணர மெர்கெல் செல்கள், வழுக்கலை உணர மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் என்று தோலுக்குள் தனித்தனி உணர்விகள் இருக்கின்றன. விரல் நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைக்கூடப் பிரித்தறியலாம். முதுகில் அதற்கு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் இடைவெளி தேவை.

ஆனால் தோல் தருவது துண்டுகளைத்தான். அந்த நொடியில் விரல் எங்கே இருந்தது, எவ்வளவு மடங்கியிருந்தது என்பதை மூட்டுகளும் தசைகளும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு முழு உருவம் கட்டுவது மூளையின் வேலை. அதாவது தொடுதல் என்பது பாதிக்குமேல் இடம் பற்றிய கணக்கு.

அந்தக் கணக்கை மூளையின் எந்தப் பாதி போடுகிறது? இடது கையின் நுண்ணிய தொடு உணர்வு தண்டுவடத்தில் இடப்பக்கமாகவே மேலேறி, மூளையும் தண்டுவடமும் சேரும் முகுளத்தில் மறுபக்கம் தாண்டி, மூளையின் நடுவே உணர்வுகளைக் கடத்திவிடும் தலாமஸ் வழியாக மூளையின் வலது பாதிக்குப் போகிறது. வலது கையுடையது இடது பாதிக்கு. பெரும்பாலானோருக்குப் பேச்சு இருப்பது அந்த இடது பாதியில்தான்.

1960களில் மூளை ஆய்வாளர்கள் ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசானிகாவும் ஆராய்ந்த நோயாளிகளிடம் இது அப்பட்டமாகத் தெரிந்தது. கடுமையான வலிப்புக்காக இவர்களுக்கு மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்டிருந்தது. மறைவாக இடது கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் அதன் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் பல பொருள்களுக்கு நடுவே அதே இடது கை அதைச் சரியாகத் தேடி எடுத்துவிடும். வண்ணக் கட்டைகளை ஒரு படத்தைப் போல அடுக்கச் சொன்னபோது, ஒருவரின் இடது கை சட்டென்று முடித்தது. வலது கை திணறியது. அது திணறுவதைக் கண்டு இடது கை நடுவில் புகுந்து உதவ வந்தது! ஒரே உடம்பின் இரு கைகள் இப்படி நடந்துகொண்டதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, முழு மூளை உள்ளவர்களுக்கு? 1976இல் மூளை ஆய்வாளர் சாண்ட்ரா விட்டல்சன் பள்ளிப் பிள்ளைகளின் இரு கைகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அர்த்தமற்ற வடிவங்களைக் கொடுத்துத் தடவச் சொன்னார். பார்க்க முடியாதபடி மறைப்பு. பிறகு படங்களில் அவற்றைக் காட்ட வேண்டும். பையன்களுக்கு இடது கை தொட்டது நன்றாக நினைவிருந்தது. பெண்பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த ஆண், பெண் வேறுபாடு ஒரேமாதிரி வரவில்லை. அதனால் அதை வைத்து ஒரு பிள்ளையின் திறமையைத் தீர்மானிப்பது அநியாயம். ‘நான் வலது மூளைக்காரன்’ என்பதும் அப்படித்தான். இரு பாதிகளுக்கும் நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. வலது பாதிக்கு வடிவத்தில் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது, அவ்வளவே.

அப்புறம், இந்தப் பங்கீடு கல்லில் செதுக்கியதும் அல்ல. பார்வையற்றவர்கள் மேடான புள்ளிகளால் ஆன பிரெய்ல் எழுத்தை விரலால் படிக்கும்போது, கண்ணுக்காக ஒதுக்கப்பட்ட, மூளையின் பின்புறப் பகுதியும் இயங்குவதை 1996இல் நோரிஹிரோ சடாட்டோவின் குழு கண்டது. பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெய்லில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பக்கவாதத்தால் அந்தப் பின்புறப் பகுதி இருபுறமும் சேதமடைந்தது. அதன்பின் புள்ளிகள் விரலில் படுவது அவருக்குத் தெரிந்தது. எழுத்துதான் தெரியவில்லை.