‘எல்லாம் நன்மைக்கே’ என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்

கணவரை இழந்து எட்டு மாதம் கழித்து ஒரு பெண் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்தார். பேச்சின் நடுவே பையிலிருந்து இரண்டு போன்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அவருடையது, இன்னொன்று கணவருடையது. தினமும் இரவு அதற்கும் சார்ஜ் போடுகிறார். "எல்லாரும் அதை ஆஃப் பண்ணிடச் சொல்றாங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், பிள்ளைகளோடு பேசுகிறார். அந்த போன் யாருக்கு என்ன இடைஞ்சல்?

"நான் ஐந்து படிகளில் எந்தப் படியில் நிற்கிறேன்?" என்றும் கேட்டார். பலரும் கேட்பதுதான். துக்கம் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளாக நகரும் என்று பரவலாகச் சொல்வார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்தப் படிகளை எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அறிந்ததை வைத்து. துணையை இழந்தவர்கள் வரிசையாக ஏறிப் பாஸாக வேண்டிய படிகள் அல்ல அவை. மனம் ஒரு நேரம் இழப்பின் பக்கம் சாயும், இன்னொரு நேரம் அன்றாட வேலைகளின் பக்கம் திரும்பும் என்று 1999-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபும் ஷூட்டும் எழுதினார்கள். நான் தினமும் பார்ப்பதும் அதுதான். காலையில் வங்கிப் படிவத்தை நிரப்பிவிட்டு மாலையில் தேம்பி அழுதால், அது பின்னடைவு இல்லை.

சரி, துன்பம் மனிதரை வளர்க்கும் என்கிறார்களே, அந்த வளர்ச்சி? பெரும் அதிர்ச்சிக்குப் பின் சிலரிடம் தெரியும் வளர்ச்சியை 1990களில் உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும் ஆராய்ந்தார்கள். உறவில் நெருக்கம், புதிய பாதைகள், தன் பலம் புரிவது என்று பல வகையில் அது வரலாம். ஆனால் அதைத் தருவது இழப்பு அல்ல, இழப்போடு மல்லுக்கட்டுவதுதான் என்று அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். வளர்ச்சி வந்தாலும் வலி கூடவே இருக்கும். எல்லோருக்கும் வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அழுதுகொண்டிருப்பவரிடம் "இதுவும் ஒரு பாடம்" என்று சொல்லும்போது, வலியோடு ஒரு வீட்டுப்பாடத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இழப்பு என்றால் மரணம் மட்டும் இல்லை. தொழில் நொடித்து வருபவர்களிடம் "நான் தோற்றுட்டேன்" என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கும். என்னென்ன முடிவு எடுத்தீர்கள், அன்று கையில் என்ன தகவல் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வேன். தப்பு எங்கே, கையை மீறியது எங்கே என்று பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் துளியும் குறையாமல், அன்றாட வாழ்க்கையே நின்றுபோயிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பெண் பிறகும் வந்தார். கணவர் பார்த்துவந்த வரவு செலவு, கடன் தவணை எல்லாம் இப்போது அவர் கையில். "எனக்கு இதெல்லாம் வரும்னே தெரியாது மேடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார். போனுக்கு இப்போது வாரம் ஒருமுறை சார்ஜ் போடுகிறாராம்.