விதை தேறும், எண்ணெய் தேறாது: ஹெம்ப் பொட்டலத்தின் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எள்ளும் கடலையும் ஆட்டும் செக்குக்காரர் ஒருவர், ஹெம்ப் விதையையும் ஆட்டி விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியிலேயே போதை மிகக் குறைந்த வகை. பயிரிட உரிமம் தரும் உத்தராகண்ட் போன்ற மாநிலத்திலிருந்துதான் விதை வரவேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்தச் செடியின் பூவும் காயும் உள்ள நுனியைத்தான் கஞ்சா என்கிறது. நுனியோடு ஒட்டாத விதை அதில் சேராது. 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ இந்த விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக ஏற்றது. போதை தரும் டிஎச்சி கிலோவுக்கு விதையில் 5 மில்லிகிராமையும் எண்ணெயில் 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தது.

எண்ணெய்க்குத்தான் தாராளம் என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் ஆள் மாட்டுவார்.

விதைக்குள் டிஎச்சி உருவாவதே இல்லை என்று சொல்லலாம். விதையை மூடியிருக்கும் பூவடிச் செதிலில் நுண்ணிய சுரப்பி முடிகள் உண்டு. அவற்றின் பிசின் அறுவடையிலும் தூற்றும்போதும் விதையின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஆய்வக அறிக்கையில் வரும் எண் பெரும்பாலும் அந்த அழுக்கின் அளவுதான். நன்றாகப் புடைத்துச் சலித்தால் குறையும். தோல் நீக்கினால் இன்னும் குறையும்.

பிசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். 100 கிலோ விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 500 மில்லிகிராம். செக்கில் 30 கிலோ எண்ணெய் கிடைத்து, அத்தனையும் அதிலேயே இறங்கினால் கிலோவுக்கு 16.7 மில்லிகிராம் ஆகிறது. விதை வரம்புக்குள் இருக்கிறது, எண்ணெய் வெளியே போய்விட்டது! கொஞ்சம் பிண்ணாக்கில் தங்கும் என்றாலும் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. எண்ணெய் 10-ஐத் தாண்டாமலிருக்க, ஆட்டப்போகும் விதை கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். வாங்கும்போதே கேட்கவேண்டிய எண் அது.

ஆய்வக அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. செடியில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சிஏ என்ற அமில வடிவம். சூடுபட்டால் கரியமில வாயுவை விட்டுவிட்டு டிஎச்சி ஆகும். அதனால் டிஎச்சிஏ அளவை 0.877-ஆல் பெருக்கி, டிஎச்சியோடு கூட்டவேண்டும். டிஎச்சி 2.0, டிஎச்சிஏ 4.1 என்று அறிக்கை வந்தால் மொத்தம் 5.6, அந்த விதை தேறாது. முதல் எண்ணை மட்டும் பார்த்து லேபிள் அச்சடித்தவர் பாடு திண்டாட்டம். பிசின் எல்லா மூட்டையிலும் சமமாக ஒட்டியிருக்காது என்பதால், பல மூட்டைகளில் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து மாதிரி அனுப்பவேண்டும்.

லேபிளில் எழுதவேண்டியதைவிட எழுதக் கூடாதது முக்கியம். விதையின் படம் போடலாம்; இலைப் படம் கூடாது. கஞ்சா என்றோ அதே பொருள் தரும் சொல்லோ, மயக்கம் தரும் என்ற குறிப்போ, சிபிடி (இதே செடியில் உள்ள, போதை தராத வேறொரு பொருள்) உள்ளது என்ற பெருமையோ கூடாது. பச்சை இலை போட்டால்தான் விற்கும் என்று சொல்லும் டிசைனர் பேச்சைக் கேட்காதீர்கள். மற்றபடி 14 இலக்க உரிம எண், பச்சைப் புள்ளி, ஊட்டச்சத்து அட்டவணை, பேட்ச் எண், எம்ஆர்பி எல்லாம் மற்ற எண்ணெய்க்கு உள்ளவைதான். நிகர அளவைக் கன அளவிலும் எடையிலும் போடவேண்டும். எண்ணெய் சூட்டில் விரியும்: 21 டிகிரியில் அளந்த ஒரு லிட்டருக்கும் 60 டிகிரியில் அளந்த ஒரு லிட்டருக்கும் எடையில் 25 கிராம் போல வித்தியாசம் வரும். சில நிறுவனங்கள் 60 டிகிரி என்று பொடி எழுத்தில் போட்டு விற்றதால்தான், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் எடையையும் அச்சிடும்படி 2022-இல் மத்திய அரசு சொன்னது.

பாட்டில் அடர் பழுப்பாக இருக்கட்டும். இந்த எண்ணெயின் பச்சை நிறம் குளோரோஃபில். அது வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டிவிட, ஒமேகா கொழுப்புகள் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். நிரப்பியதும் பாட்டிலைத் துடைத்துவிட்டுத் தேதி அடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்த மை கட்டைவிரல் பட்டாலே அழியும், தேதியில்லாத பாட்டில் விதிமீறல்.

விதை மாவுப் பைக்கு வேறு சிக்கல். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கீழே காற்றோடு ஒட்டிய பை மேலே உப்பும். ஒட்டுவாயில் மாவுத்தூள் சிக்கியிருந்தால் அங்கேதான் பிரியும். ஏற்காடு ஏரிக்கரைக் கடைக்குப் போகும் பைகளில் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைத் துடைத்து, 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒட்டுங்கள். பிறகு பையைத் தண்ணீரில் அமுக்கிக் கையால் பிசைந்து பாருங்கள். குமிழி வரும் இடத்தில் பெரும்பாலும் தூள்தான் இருக்கும். ஒட்டும் சூட்டை ஏற்றினால் அது போகாது, பை உருகிச் சுருங்கும்.