டிராலர், ரோலர், இழுவை மடி

"விசைப்படகு மீனவர்கள் கைது" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம். அந்தப் படகு என்ன வலை இழுத்தது என்பதைச் சொல்லவே மாட்டார்கள். விசைப்படகு என்றால் எஞ்சின் பூட்டிய படகு, அவ்வளவுதான். செவுள் வலை (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் வலை) விடுகிற படகிலும் எஞ்சின் உண்டு, ஆனால் அதனால் கடலடி உழப்படுவதில்லை.

கடலடியை உழுதுகொண்டே போவது படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை. ஆங்கிலத்தில் இதற்கு டிரால் என்று பெயர். பழைய டச்சு மொழியில் இழுவலையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். பெயரைவிட அதன் மீதான புகார் சுவையானது. 1376-77இலேயே இங்கிலாந்து மீனவர்கள் மூன்றாம் எட்வர்டு மன்னரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள்: இந்த வலையின் கண் ரொம்பச் சிறியது, எந்தப் பொடி மீனும் தப்புவதில்லை, அதன் இரும்பு கடலடிச் செடிகளை அழிக்கிறது, பிடிபடுகிற குஞ்சு மீனைப் பன்றிக்குப் போடுகிறார்கள் என்று. இன்று ராமேஸ்வரம் பக்கம் வலையில் வரும் பொடி மீனுக்குச் சங்காயம் என்று பெயர், அது கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகிறது. அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அதே கதை.

தமிழில் கடற்கரை மக்கள் சொல்வது இழுவை மடி. மடி என்றால் இங்கே வலையின் பை, மீன் போய்ச் சேருகிற இடம். சேலை மடியில் நெல்லை வாங்கிக் கட்டுகிறோமே, அந்த மடிதான். கரைமடி, சுருக்குமடி, இரட்டை மடி (இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுப்பது) எல்லாம் இதே குடும்பம். ஈழத்தின் வடக்கே இந்த வலையை இழுக்கும் படகான டிராலரை ரோலர் என்பார்கள், தொழிலை இழுவைமடித் தொழில் என்பார்கள்.

இழுக்கும்போது வலையின் வாயைத் திறந்து வைப்பவை இரண்டு பக்கமும் உள்ள கனமான பலகைகள். அவை தரையை உரசிக்கொண்டே போவதால் சேறு கிளம்பும், கடற்புல் பெயரும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடற்பசு வாழ்கிறது. அதற்காகத் தமிழ்நாடு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அப்புறம், இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. தமிழ்நாட்டில் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, மடியின் கண்ணளவுக்கும் விதி இருக்கிறது. 2017இல் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன் பிடிப்புக்கு மாற்றும் திட்டமும் வந்தது. அது நல்ல வழி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கடன் வாங்கிப் படகு கட்டியவரிடம் "நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சரி, எப்படி எழுதலாம்? வலைக்கு இழுவை மடி, படகுக்கு இழுவைப் படகு, தொழிலுக்கு இழுவைமடித் தொழில். விசைப்படகு என்ற சொல்லை எஞ்சினைப் பற்றிப் பேசும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம்.