படிவம்: 'ஃபார்ம்' என்பதற்கு நம் சொல்

"ஏய்யா, இந்தப் பாரத்தைக் கொஞ்சம் நிரப்பிக் குடேன்." திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் காதில் விழும் பேச்சு இது. அந்தப் 'பாரம்'தான் விஷுவல் பேசிக்கில் நாம் வரைகிற ஃபார்மும். விஷுவல் பேசிக் 1991இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட, நிரல் எழுதும் மென்பொருள். புதிய புராஜெக்ட் திறந்ததும், புள்ளி புள்ளியாக ஒரு வெற்றுப் பலகை 'ஃபார்ம்1' என்ற பெயரோடு வருமே, அதுதான். நிரலை ஓட்டினால் அதுவே சாளரமாக நிற்கும்.

லத்தீனில் 'ஃபோர்மா' என்றால் வடிவம். வார்க்கும் அச்சுக்கும் அதே பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு 'பாரம்' என்பதும் இதே சொல்தான்.

இந்த அச்சு என்ற பொருளை எனக்குப் புரியவைத்தது உடன்குடிக் கருப்பட்டி. பதநீரைக் காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆறினதும் சிரட்டையின் உருவத்திலேயே கருப்பட்டி வரும். ஃபார்மும் அப்படித்தான். தேதிக்கு வெறும் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால், ஒருவர் நாளை முதலில் எழுதுவார், இன்னொருவர் மாதத்தை முதலில் எழுதுவார். பாகைக் குறை சொல்லி என்ன செய்ய? சிரட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வடிவம்' என்றால், வட்டமும் சதுரமும் வரைய அதே எடிட்டரில் இருக்கும் 'ஷேப்' கருவிக்குச் சொல் இல்லாமல் போகும். 'சாளரம்' அகலமான சொல். செய்தி சொல்லி மறைகிற சின்னப் பெட்டியும் சாளரம்தான். 'விண்ணப்பம்' என்பது கேட்கிற கோரிக்கை. 'படிவம்' சரியாகப் பொருந்துகிறது, அரசு அலுவலகத் தாளில் ஏற்கெனவே பழகியும் இருக்கிறது. பழைய சொல்லும்கூட. முல்லைப்பாட்டில் 'படிவப் பார்ப்பான்' என்று வருகிறது; அங்கே படிவம் என்பது தவக்கோலம், விரதம். உருவம், உடல் என்ற பொருள்களும் இதற்கு உண்டு.

உடல் என்ற அந்தப் பொருளை நாம் விட்டுவிடக் கூடாது. ஃபார்மில் வைக்கும் 'கண்ட்ரோல்'களைக் 'கட்டுப்பாடு' என்று மொழிபெயர்க்கிறார்கள். தமிழில் கட்டுப்பாடு என்றால் அடக்கி வைப்பது. ஒரு பொத்தானைப் பார்த்து யாருக்கு அந்த எண்ணம் வரும்? படிவம் உடல் என்றால் உரைப்பெட்டி, பொத்தான், சட்டகம் எல்லாம் அதன் உறுப்புகள். 'உறுப்பு' என்றே எழுதலாம் என்பது என் கட்சி. அப்படி நினைத்துவிட்டால் எது எங்கே இருக்க வேண்டும், எது எதற்குப் பக்கத்தில் என்ற கேள்வி தானாக வரும்.

பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பில் போடும் படிவம் செய்தேன். பெட்டிகளையெல்லாம் நேர்வரிசையில் நிறுத்தியிருந்தேன். அண்ணாச்சி அளவை அடித்துவிட்டு டேப் விசையை அழுத்தினார். விலைக்குப் போக வேண்டிய கர்சர் கீழே முகவரிக்கு ஓடிவிட்டது. "எங்க ஓடுது தம்பி இது?" என்றார். விலைப்பெட்டியை நான் கடைசியில்தான் சேர்த்திருந்தேன். டேப் அழுத்தும்போது கர்சர் எந்த வரிசையில் போகும் என்று சொல்லும் 'டேப் இண்டெக்ஸ்' எண், உறுப்புகளை வைத்த வரிசைப்படியே விழும் என்பதை அப்போது கவனிக்கவில்லை. கண் போகிற வழியில் எண்களை மாற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் அவர் இன்னொன்றும் கேட்டார். கடனுக்குக் கொடுப்பதைக் குறிக்க 'கிரெடிட்' என்று நான் எழுதியிருந்த பொத்தானில் 'பற்று' என்று போடச் சொன்னார். அவர் கடை நோட்டில் அப்படித்தான் இருந்தது. போட்டேன்.